கீரிப்பாறையில் நான் சொன்ன சாட்சி

ரத்தப் புற்றுநோயைத் தொலைபேசியிலேயே குணப்படுத்திய ஆள் இந்த மாவட்டத்தில் நான் ஒருவன்தான். ஊசி கிடையாது, மருந்து கிடையாது. ஒன்றரை நிமிடப் பேச்சு. அதன் பலனாக ஆறு வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி உயிரை விடப் பார்த்தாள். இதை எந்த மேடையிலும் நான் சொன்னதில்லை. நான் ஓய்வு பெற்ற அன்று சால்வை போர்த்திய பெரியவர், 'சொல்லால் துயர் துடைத்தவர்' என்று என்னைப் புகழ்ந்தார். என் சொல் என்னவெல்லாம் செய்யும் என்று தெரிந்தவன் ஆதலால் தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று கைதட்டினார்கள்.

இப்போது சொல்ல வந்ததற்குக் காரணம் ஒரு பச்சை நிற டிக். நாகர்கோவிலில் நான் வேலை பார்த்த அறக்கட்டளையில் இப்போது பணியில் இருக்கும் இளம்பிள்ளைகள் போன வாரம் வீட்டுக்கு வந்தார்கள். "சார், புதுசா செயலி ஒண்ணு வருது. பிள்ளைக்க ரிப்போர்ட் நல்லதுன்னா உடனே அம்மை அப்பனுக்க ஃபோனுல பச்சை டிக் விழும். அதுக்க தொடக்க விழா மலருக்கு நீங்க அனுபவம் ஒண்ணு எழுதித் தரணும்" என்றார்கள். பச்சை டிக் என்று கேட்டதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அன்றைக்கு நான் செய்ததும் அதுதானே! ஒரே வித்தியாசம், நான் அதை வாயால் போட்டேன்.

எங்கள் வேலை என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். குமரி மாவட்டத்தில் ஒரு பிள்ளைக்குப் புற்றுநோய் என்று தெரிந்தால், அநேகமாகக் களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரம் போகிறோம். வைத்தியத்தை ஆஸ்பத்திரி பார்த்துக்கொள்ளும். மிச்சம் எல்லாம் எங்களுடையது. ரயில் சலுகைப் படிவம், ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் தங்க ஓர் அறை, அடுப்பு, பாத்திரம், அரிசி, காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர், பிள்ளைக்கு விட்டுப்போன பள்ளிப் பாடம், வீட்டில் விட்டுவந்த மற்றப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள். எனக்குப் பதவி, குடும்பத் தொடர்பாளர். டாக்டர் மலையாளத்தில் பாதியும் ஆங்கிலத்தில் பாதியுமாகச் சொல்வதை ஒரு தகப்பன் தூக்கிச் சுமக்கிற மாதிரி தமிழில் கட்டிக் கொடுக்க வேண்டும்.

இந்த வேலைக்கு என் தகுதிகள்: வரலாற்றில் பி.ஏ., மருந்துக் கம்பெனிப் பிரதிநிதியாக நாலு வருடத் தோல்வி, நிறையப் படித்தவன் என்று எனக்கே என்னைப் பற்றி இருந்த அபிப்பிராயம். சேர்ந்த முதல் வாரம், தோவாளைச் சந்தையில் பை நிறையப் பிச்சிப்பூ வாங்கிக்கொண்டு திருவனந்தபுரத்துக் குழந்தைகள் வார்டுக்குப் போனேன். பிள்ளைகள் பூவைப் பார்த்துச் சிரிக்கும் என்று கனவு. மருந்தால் எதிர்ப்புச் சக்தி இறங்கி நிற்கிற பிள்ளைகளின் பக்கத்தில் பச்சைப் பூவோ ஈரமோ போகக் கூடாது என்பது ஆஸ்பத்திரிக் காவலாளிக்குக்கூடத் தெரிந்திருந்தது. வாசலிலேயே என்னை மறித்தவர் லில்லிபாய் சிஸ்டர்.

"இது யாருக்கு வாங்கினீரு சிதம்பரம்?"

"பிள்ளைகளுக்கு சிஸ்டர்."

"இல்ல. உமக்கு வாங்கினீரு. நீரே வச்சுக்கிடும்."

நாகர்கோவில் வரைக்கும் ரயிலில் மணந்துகொண்டே வந்தேன். பயிற்சிக் காலம் அத்தோடு முடிந்தது.

லில்லிபாய் சிஸ்டர் முப்பது வருடம் குழந்தைகள் வார்டில் நர்சாக இருந்துவிட்டு எங்களுக்கு மேலதிகாரியாக வந்தவர். அவருடைய மேஜையில் ஒரு தம்ளர் வெந்நீர் தவிர ஒன்றும் இருக்காது. நாம் பேசுகையில் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். தூங்கிவிட்டார் என்று நினைத்து ஒரு பொய்யை நுழைத்தால் கண் திறக்கும். கோபம் வந்தால் குரல் ஏறாது, மரியாதை ஏறும். சாதாரணமாக 'நீரு'. கொஞ்சம் கோபம் என்றால் 'நீங்க'. 'சார்' என்று கூப்பிட்டுவிட்டால் அன்று மதியம் எனக்குச் சோறு இறங்காது.

அவர் எங்களுக்குப் பழக்கிய முறை ஒன்று உண்டு. பெற்றோரிடம் நின்றுகொண்டு பேசக் கூடாது, உட்கார வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு விஷயம். சொன்ன பிறகு வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். எனக்கு இதுதான் கஷ்டம். கடைசியாக, "வீட்டுல பெரியவங்க கேட்டா இத எப்படிச் சொல்லுவீங்க?" என்று கேட்க வேண்டும். அவர்கள் தங்கள் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். சரியாக வரும்வரை எழுந்திருக்கக் கூடாது.

"புரிஞ்சுதான்னு மட்டும் கேக்காதீரு" என்பார். "நம்ம ஊருல அப்பிடிக் கேட்டா ஒருத்தரும் இல்லன்னு சொல்ல மாட்டாவ. மரியாதைக்கு ஆமான்னு தலையாட்டிட்டுப் போயிருவாவ."

மணவாளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து வந்த மீன்பிடிக்கிற ஒருவருக்குக் காய்ச்சல் விதியைச் சொல்லிக்கொண்டிருந்தேன். தெர்மாமீட்டர் நூறு புள்ளி நாலைத் தொட்டால் ஒரு மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரி. விடியட்டும் என்று இருக்கக் கூடாது. திருப்பிச் சொல்லச் சொன்னேன். "நூறு புள்ளி நாலுன்னா, நான் கடலுல நின்னாலும் வள்ளத்தத் திருப்பணும். வலைய அறுத்துப் போட்டுட்டு வரணும். அவ்வளவுதான?" பக்கத்து அறையில் கண் மூடி உட்கார்ந்திருந்த சிஸ்டர் அங்கிருந்தே, "பாஸ்!" என்றார். அந்தப் 'பாஸ்' எனக்கு ஒரு தடவைகூடக் கிடைத்ததில்லை.

இன்னொரு விதி: எந்தச் சேதியையும் தொலைபேசியில் சொல்லக் கூடாது. "கெட்ட சேதிய நேருல சொல்லணும்னு எல்லாருக்கும் தெரியும். நல்ல சேதிய அதவிடப் பத்திரமாச் சொல்லணும்" என்பார். எதற்கு என்று நான் கேட்டதில்லை. நல்ல சேதியில் என்ன பத்திரம் வேண்டிக்கிடக்கிறது?

பன்னிரண்டு வருடத்துக்கு முன் ஒரு மத்தியானம், திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரிச் சமூகப் பணியாளர் என்னை அழைத்தார். கீரிப்பாறை ரப்பர் எஸ்டேட்டில் பால் வெட்டும் செல்வதாஸின் மகள் ஜெனிஷாவுக்கு எலும்பு மஜ்ஜைச் சோதனை முடிவு வந்துவிட்டது. முதல் மாத வைத்தியத்துக்குப் பிறகு நோய் அணு ஒன்றுகூடத் தென்படவில்லை. அடுத்த கட்ட மருந்துக்கு எட்டாம் நாள் திங்கட்கிழமை வரச் சொல்ல வேண்டும்.

நோய் அணு ஒன்றுகூட இல்லை! எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த ஒரு மாதம் அந்தப் பிள்ளை பட்ட பாட்டை நான் பக்கத்தில் இருந்து பார்த்தவன். உடனே செல்வதாஸைக் கூப்பிட்டேன். கீரிப்பாறை மலையில் அந்தக் காலத்தில் செல்போனுக்குச் சிக்னல் கிடைப்பதே அபூர்வம். அன்றைக்குப் பார்த்து, அவர் என் மடியில் உட்கார்ந்து கேட்பது போல அத்தனை தெளிவாகக் கேட்டது.

"செல்வதாஸ்! சுத்தமாப் போச்சு! ஒரு அணுகூட இல்ல! பிள்ள ஜெயிச்சிட்டா! போய்ச் சந்தோசமா இருங்க!"

அந்தப் பக்கம் அவர் அழுதார். இந்தப் பக்கம் நான் அழுதேன். திங்கட்கிழமை விஷயத்தையும் சொன்னேன்; ஆனால் அழுகைக்கு நடுவில், 'பிறகு வந்துட்டுப் போங்க' என்கிற மாதிரி, விருந்துக்குக் கூப்பிடுகிற தொனியில். திருப்பிச் சொல்ல வைக்கவில்லை. அழுகிற மனுஷனை யார் திருப்பிச் சொல்லச் சொல்வது?

திங்கட்கிழமை அவர்கள் போகவில்லை. செவ்வாய், புதன் போகவில்லை. தொலைபேசி மறுபடியும் பழைய குணத்துக்குத் திரும்பி, மலையில் யாரையும் பிடித்துத் தரவில்லை. வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் இருந்து டாக்டரே பேசினார். கண்ணுக்குத் தெரியாமல் பதுங்கி இருக்கிற அணுக்களைத் துரத்தத்தான் அடுத்த இரண்டரை வருட மருந்து. இப்போது விட்டால் நோய் திரும்பும். திரும்பினால் முதல் தடவை போல மடங்காது. அடுத்த திங்களுக்குள் பிள்ளை இங்கே இருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை வடசேரியில் கீரிப்பாறை பஸ் ஏறினேன். பூதப்பாண்டி, தடிக்காரன்கோணம் எல்லாம் கண்ணில் படவில்லை. பதினொரு மணிக்குப் போய் இறங்கியபோது செல்வதாஸ் அன்றைய ரப்பர்ப் பாலை அளந்து ஊற்றிவிட்டு வந்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு.

"வாங்க சாரே! சுகந்தீ, யாரு வந்திருக்கான்னு பாரு! நம்ம சிதம்பரம் சாரு!"

தொழிலாளர் குடியிருப்பில் அவர் வீட்டு வாசலில் ஜெனிஷா விளையாடிக்கொண்டிருந்தாள். தலையில் முடி இல்லை. கன்னம் இரண்டும் பன் மாதிரி உப்பியிருந்தது. அது முதல் மாதம் கொடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரையின் வேலை. பசியைக் கிளப்பும், முகத்தை ஊத வைக்கும். ஆனால் குடியிருப்பில் அத்தனை பேரும் அந்தக் கன்னத்தைக் கிள்ளி, 'பிள்ள எப்பிடிக் கொழுகொழுன்னு வந்திருக்கு!' என்று பார்த்துப் பார்த்துப் பூரித்திருக்கிறார்கள். நோய் போனதற்கு அதைவிடச் சாட்சி வேண்டுமா?

சாட்சி என்றதும் சொல்ல வேண்டும். அவர்கள் சபையில், கடவுள் செய்த நன்மையை ஞாயிற்றுக்கிழமை எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று சொல்வதற்குச் சாட்சி என்று பெயர். நான் தொலைபேசியில் கூவிய அடுத்த ஞாயிறு, செல்வதாஸ் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு சாட்சி சொல்லிவிட்டார். ஒரு அணுகூட இல்லை. கர்த்தர் பூரண சுகம் தந்தார். வார்த்தைக்கு வார்த்தை என்னுடையது. கர்த்தர் பெயரை மட்டும் அவர் சேர்த்திருந்தார்.

"திங்கட்கிழமை கண்டிப்பா ஆஸ்பத்திரிக்குப் போகணும் செல்வதாஸ்" என்றேன்.

"என்னத்துக்கு சாரே? ஒரு அணுகூட இல்லன்னு நீங்கதான சொன்னீங்க?"

"தெரியிற மாதிரி இல்லன்னு அர்த்தம். உள்ள ஒளிஞ்சிருக்கும்."

"நீங்க அப்பிடிச் சொல்லல்லியே."

உண்மை. சொல்லவில்லை. அதற்குப் பதிலாக நான் இரண்டு மணி நேரம் பிரசங்கம் செய்தேன். ரப்பர்த் தோட்டத்தில் களையை மேலாக வெட்டினால் போதாது, வேர் கிடக்கும் என்று உவமை சொன்னேன். "சாரே, இது களை இல்ல, எனக்க பிள்ள" என்றார். வைத்தியமும் கடவுள் தந்ததுதான் என்று மூன்று மதங்களில் இருந்தும் மேற்கோள் காட்டினேன். மரியாதையாகக் கேட்டுவிட்டு எனக்குப் பால் விடாத கட்டன் சாயா தந்தார்.

"ஊசிக்குப் பயமில்ல சாரே. நான் சபைக்கு மின்னால நின்னு சொன்னவன். இனி ஊசிக்குக் கொண்டு போனா, நான் சொன்னது பொய்யாவும். ஆண்டவரு பாதிச் சொகம் தந்துட்டு மிச்சத்த மறந்துட்டாருன்னா சொல்லச் சொல்லுதீங்க?"

எழுந்தேன். வெளியே குழாயடியில் அவர் மனைவி சுகந்தி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். அதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. தாண்டிப் போகையில், வேறொன்றும் தோன்றாமல், "அன்னைக்கு ஃபோனுல நான் பாதிதாம்மா சொன்னேன். மிச்சத்தச் சொல்லாம விட்டது எனக்க தப்பு" என்றேன்.

"மிச்சம் எவ்வளவு சாரே?"

"ரெண்டரை வருசம். மருந்து நிறுத்தினா நோய் திரும்பி வந்திரும்."

அவர் குழாயை மூடிவிட்டு என்னையே பார்த்தார். நான் பஸ்ஸுக்கு ஓடினேன்.

நாலு மணிக்கு லில்லிபாய் சிஸ்டரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். கண்ணை மூடிக் கேட்டார். முடித்த பிறகும் திறக்கவில்லை.

"சார்" என்றார். "சார் சொன்ன சொல்லு இப்போ எங்க போய் நிக்குது?"

"சபையில சிஸ்டர்."

"அப்போ அங்க போய்த்தான் எடுக்கணும்."

அந்தச் சபையின் உபதேசியாரைப் பிடிக்க ஒரு மணி நேரம் ஆனது. அவர்தான் அங்கே ஆராதனை நடத்துபவர். எஸ்டேட் அலுவலகத் தொலைபேசிக்கு அவரை வரவழைத்துப் பேசினார் சிஸ்டர். ஞாயிறு ஆராதனையில் அறிவிப்பு நேரத்தில் எனக்கு ஐந்து நிமிடம். பிறகு ஒரு பழைய உறையின் பின்பக்கம் மூன்று வாக்கியம் எழுதித் தந்தார். "இது மட்டும் போதும்."

கோயிலுக்கே ஒழுங்காகப் போகாதவன் சர்ச்சில் சாட்சி சொல்லப் போகிறேன்! சனிக்கிழமை முழுக்க அந்த மூன்று வாக்கியத்தை ஏழு பக்கமாக வளர்த்தேன். கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார்த்தேன். என் மனைவி எட்டிப் பார்த்து, "எந்தக் கட்சியில சேந்திருக்கீங்க?" என்று கேட்டாள்.

ஞாயிறு காலை அறக்கட்டளை ஜீப்பில் சிஸ்டரும் நானும் மலை ஏறினோம். தகரக் கூரை போட்ட சின்ன ஆலயம். அறுபது பேர் இருக்கும். பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம். சுகந்தியின் மடியில் ஜெனிஷா. செல்வதாஸ் கடைசி வரிசையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். மழை பிடித்துக்கொண்டது. உபதேசியார் என்னைக் கைகாட்டினார். எழுந்தேன். ஏழு பக்கத்தையும் பிரித்தேன்.

முதல் பக்கத்தில் நுண்ணோக்கியைக் கண்டுபிடித்த வரலாறு இருந்தது. இரண்டாம் பக்கத்தில் ரத்த ஓட்டம். மூன்றாம் பக்கத்துக்கு வந்தபோது ஒரு குழந்தை அழுதது, இரண்டு பெரியவர்கள் தூங்கினார்கள். முன்வரிசையில் இருந்த சிஸ்டர் லேசாகச் செருமினார். நான் ஐந்தாம் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. இரண்டாம் தடவை செருமினார். தாள்களைக் கீழே வைத்துவிட்டுச் சட்டைப் பையில் இருந்து உறையை எடுத்தேன்.

"செல்வதாஸ் அண்ணன் பொய் சொல்லல்ல. நான்தான் பாதியச் சொல்லி மீதிய விட்டேன். பிள்ளைக்குச் சொகம் வந்திருக்கு. அது நிக்கணும்னா ரெண்டரை வருசம் மருந்து வேணும், நிறுத்தினா நோய் திரும்பும்."

அறுபது முகமும் கருங்கல். அப்போதுதான், வேலையில் சேர்ந்த நாளில் இருந்து நான் ஒழுங்காகச் செய்யாத அந்த ஒன்று நினைவுக்கு வந்தது.

"இன்னைக்குச் சபைக்கு வராதவங்க வீட்டுல கேட்டா இத எப்பிடிச் சொல்லுவீங்க?"

ஆண்கள் பக்கத்தில் ஒரு பெரியவர் எழுந்தார். "பிள்ளைக்குச் சொகம் உண்டும், மருந்தும் உண்டும்."

"எத்தன நாளு?"

"ரெண்டரை வருசம்!" பெண்கள் பக்கத்தில் பத்துக் குரல்.

"நிறுத்தினா?"

"திரும்பி வரும்!" இது மொத்தச் சபையும். உபதேசியார் ஒரு வரி, சபை ஒரு வரி என்று வாரா வாரம் மாறி மாறி வாசித்துப் பழகியவர்கள் அல்லவா! ஒரே தாளத்தில், மலையாள ராகத்தில், மழையை மிஞ்சி எழுந்தது அந்தக் குரல். "இன்னொரு தடவ!" என்று கத்தினேன். இன்னொரு தடவை சொன்னார்கள். யாரோ ஆமென் என்றார்கள். நானும் ஆமென் என்றேன். மூன்றாம் தடவையும் கேட்டிருப்பேன், உபதேசியார் என் தோளில் கை வைத்துவிட்டார்.

"சாட்சியில பாதிய செல்வதாசு சொன்னான்" என்றார் சபையைப் பார்த்து. "மிச்சத்த மருந்து முடிஞ்ச பெறவு சொல்லுவான். நாம காத்திருப்போம்."

ஆராதனை முடிந்து பத்து நிமிடம் ஆகவில்லை. செல்வதாஸும் சுகந்தியும் பெரிய பை ஒன்றைத் தூக்கிக்கொண்டு, பிள்ளையோடு ஜீப் பக்கத்தில் வந்து நின்றார்கள். என் பேச்சின் வேகத்தைப் பாருங்கள்! மலையை விட்டு இறங்கும்போது ஜெனிஷா என் மடியில் இருந்தாள். தங்கும் விடுதிக்குப் பக்கத்துக் கடையில் மசால் தோசை இப்போதும் உண்டுமா என்று மூன்று தடவை கேட்டாள். மூன்று தடவையும் உண்டு என்றேன். சிஸ்டர் முன் இருக்கையில் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். "பாஸா சிஸ்டர்?" என்று கேட்டேன். "அஞ்சு நிமிசம்னு சொன்னேன்" என்றார். ஆனால் 'சார்' இல்லை.

திங்கள் காலை ஒன்பது மணிக்கு அந்தப் பிள்ளை ஆஸ்பத்திரியில் இருந்தாள். பதுங்கியது தலை தூக்கும் முன் மருந்து போய்ச் சேர்ந்துவிட்டது. பிறகு இரண்டரை வருடம்: எத்தனையோ ரயில், எத்தனையோ ஊசி, ஒரு தடவை விடியுமுன் காய்ச்சல் வந்து செல்வதாஸ் எஸ்டேட் லாரியை மறித்து இறங்கியது, எல்லாம் உண்டு. இன்று ஜெனிஷா பாலிடெக்னிக்கில் சிவில் படிக்கிறாள். என் வீட்டுச் சுவர் கோணல் என்று போன மாதம் சொல்லிவிட்டுப் போனாள். ஆகவே பிள்ளைகளே, அந்தப் பச்சை டிக்கை எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில், அம்மையும் அப்பனும் தங்கள் குரலில் திருப்பிச் சொல்லிப் பதிகிற மாதிரி ஒரு பொத்தான் வையுங்கள். அதைக் கேட்க ஓர் ஆளையும் வையுங்கள்.

மருந்து முடிந்த பிறகு செல்வதாஸ் மிச்சச் சாட்சியைச் சொன்ன ஞாயிறு, எனக்கும் அழைப்பு வந்தது. அன்று ஆலயத்தில் எல்லோருக்கும் சாப்பாடு. இலையில் சோறு வைக்க வந்த சுகந்தியிடம், என் பேச்சைப் பற்றி நாலு நல்ல வார்த்தை கேட்கும் ஆசையில், "அன்னைக்கு நான் இங்க நின்னு பேசினதுலதான உங்க மனசு மாறிச்சு?" என்றேன்.

"இல்ல சாரே. வெள்ளிக்கிழமை எனக்க தப்புன்னு சொல்லிட்டுப் போனீங்கல்லா, அன்னைக்கே இவருட்டச் சொன்னேன். தப்பு சாருக்க தப்புன்னா, ஆண்டவரு பொய்யராவ மாட்டாருல்லான்னு சமாதானம் ஆயிட்டாரு. உபதேசியாரும் போவச் சொன்னாரு. ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டரை பஸ்ஸுக்குப் போவம்னு பையும் கெட்டி வச்சாச்சு."

"பின்ன என்னத்துக்கு என்னப் பேச விட்டீங்க?"

"ஏழு பேப்பரு எழுதிட்டு வந்திருந்தீங்க, பாவம்" என்று சாம்பாரை ஊற்றினார். "நீங்க கொஞ்சம் சீக்கிரம் நிப்பாட்டியிருந்தா அந்த பஸ்ஸு கிட்டியிருக்கும்."